எண்ணப்படாத விண்ணப்பதாரர்: பீர்மேடும் மென்பொருள் அளவீட்டுக் கருவிகளும்

(பயிற்சி பெறும் அலுவலர்களுக்கும் பொருளாதார மாணவர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

திட்டமிடுதலில் அளவிடுதலுக்குள்ள இடம் புதிதாக விளக்கப்பட வேண்டியதன்று. முதலாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்குவதற்கு முன்னரே, 1950-ஆம் ஆண்டில், பேராசிரியர் மகலனோபிஸின் முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பட்டது. அந்த ஆய்வுக்காக ஊருக்குள் நுழையும் கணக்கெடுப்பாளர் முதலில் கற்க வேண்டியது குடும்பம் என்பது எது என்பதே. ஒரே கூரையின் கீழ் இருப்போர் அனைவரும் ஒரு குடும்பம் ஆகிவிடுவதில்லை. வழக்கமாக ஒன்றாக வாழ்ந்து, ஒரே அடுப்பில் சமைத்ததை உண்போரே ஒரு குடும்பமாகக் கொள்ளப்படுகின்றனர். இந்த வரையறை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இது பிழைபட்டால் அதன்மேல் எழுப்பப்படும் எல்லாச் சராசரிகளும் பிழைபட்டுப் போகும். எண்ணத் தொடங்குமுன் எண்ணும் அலகை முடிவு செய்தல் புள்ளியியலின் அரிச்சுவடி.

இன்று அரசின் சேவைகளுள் பெரும்பகுதி மென்பொருள் வழியாக மக்களை அடைகின்றது. வருமானச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, ஓய்வூதியம், குடும்ப அட்டைத் திருத்தம் ஆகிய அனைத்தும் திரையில் தோன்றும் படிவங்களாகிவிட்டன. இவற்றை உருவாக்கும் மென்பொருள் குழுக்கள் தங்கள் படைப்பு எவ்வாறு பயன்படுகின்றது என்பதை அறிய விரும்புவது இயல்பு. எத்தனை பேர் திறந்தனர், எந்தப் பக்கத்தில் தயங்கினர், எந்தக் கேள்வியோடு விட்டுச் சென்றனர் என்பதையெல்லாம் தாமாகவே பதிவு செய்து, வரைபடங்களாகத் தரும் கருவிகள் சந்தையில் பல உள்ளன. பயன்பாட்டுப் பகுப்பாய்வுக் கருவிகள் என இவற்றைக் குறிப்பிடலாம். எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்வி அலுவலகக் கோப்புகளில் அடிக்கடி எழுகின்றது. பெரும்பாலும் அது விலையைப் பற்றிய கேள்வியாகவே எழுகின்றது. விலைப் புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியலைக் கடைசிப் பத்தியிலிருந்து படிக்கத் தொடங்கும் பழக்கம் நம் அலுவலகங்களுக்குப் பழையதே.

விலைக்கு முன்னர் வர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதை நகரத்து அலுவலகத்தில் அமர்ந்து காண்பதைவிடப் பீர்மேடு போன்ற ஒரு மலைத் தாலுகாவில் நின்று காண்பது எளிது.

மலையும் மக்களும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையின்மேல் அமைந்துள்ளது பீர்மேடு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்குக் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. பின்னர்த் தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்தது. தோட்ட வேலைக்காகத் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து மலையேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் இன்றும் வாழ்கின்றனர். 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளமும் பீர்மேடும் எந்த மாநிலத்தைச் சேர வேண்டும் என்பது பெரும் விவாதத்திற்குரியதாக இருந்ததற்கு இம்மக்களின் மொழியே காரணம். இவர்கள் கேரளத்தில் இருந்துகொண்டே தமிழில் அரசோடு பேசுவதற்குச் சட்டத்தில் இடமுண்டு: 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடனான கடிதப் போக்குவரத்தில் தத்தம் மொழியைப் பயன்படுத்தவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வழி செய்துள்ளது.

2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டுப் பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. லயங்களில் குடியிருந்த குடும்பங்களுக்குக் கூலி நின்றது. ஆனால் லயத்தை விட்டுப் போகவும் இடமில்லை. இத்தகைய குடும்பத்திற்கு ஓர் உதவித்தொகையோ ஓய்வூதியமோ உரிய காலத்தில் கிடைப்பது எத்துணை பெரிய செய்தி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த விண்ணப்பம் எந்த இடத்தில் தடைப்படுகின்றது என்பதை மென்பொருள் குழு அறிந்துகொள்வதும் அதனாலேயே பெரிய செய்தியாகின்றது.

ஒரு கணிப்பொறி, பல நூறு மக்கள்

கேரள அரசின் அக்ஷயா திட்டம் 2002-ஆம் ஆண்டு நவம்பரில், அன்றைய குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாமால் தொடங்கிவைக்கப்பட்டது. மலப்புறம் மாவட்டத்தில் கணிப்பொறி எழுத்தறிவு இயக்கமாகத் தோன்றி, பின்னர் மாநிலம் முழுவதும் மக்கள் அரசுச் சேவைகளைப் பெறும் மையங்களாக வளர்ந்தது. மையத்தை நடத்துவோர் அரசு ஊழியர் அல்லர். சேவைக்குரிய கட்டணத்தை வருவாயாகக் கொண்ட தனியார் முனைவோர். கொழுந்து பறிக்கும் பெண் தம் மகளின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டுமெனில், விடுமுறை நாளில் மலையிறங்கி இம்மையத்திற்கே வருகிறார். திரைக்கு முன் அமர்ந்திருப்பவர் மைய நடத்துநர். விண்ணப்பதாரர் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்.

இக்காட்சியைச் சந்தையிலுள்ள ஒரு பகுப்பாய்வுக் கருவி எவ்வாறு பதிவு செய்யும் என்று எண்ணிப் பார்த்தல் நன்று. பெரும்பாலான கருவிகள், வேறு ஏற்பாடு செய்யப்படாதவரை, உலாவியில் வைக்கப்படும் குக்கி என்னும் சிறு அடையாளக் குறிப்பைக் கொண்டே ஒரு பயனாளரை அறிகின்றன. அதாவது அவை எண்ணுவது கருவிப் பெட்டியை, மனிதரை அன்று. மைய நடத்துநர் ஒரு மாதத்தில் 600 பேருக்கு 600 விண்ணப்பங்களை அனுப்பினார் எனக் கொண்டால், கருவியின் கணக்கில் அவர் ஒரே பயனாளர். அதே மாதத்தில் கொச்சியில் உள்ள ஓர் அலுவலர் தம் அலுவலகக் கணிப்பொறியிலும், வீட்டு மடிக்கணினியிலும், கைபேசியிலும் ஒரே சேவையைத் திறந்து பார்த்திருந்தால் அவர் மூன்று பயனாளர்கள். கொச்சிக்கு மூன்று, பீர்மேட்டிற்கு ஒன்று! மென்பொருள் குழுவின் கூட்டத்தில் வண்ண வரைபடமாக இது காட்டப்படும்போது, மலைப்பகுதியில் சேவைக்குத் தேவை குறைவு என்றே யாருக்கும் தோன்றும்.

இஃது ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடவும் இயலாது. தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றின்படி, 2017–18-இல் இந்தியாவின் ஊரகக் குடும்பங்களுள் 4.4 சதவீதத்திடமே கணிப்பொறி இருந்தது. இணைய வசதி 14.9 சதவீதத்திற்கு இருந்தது. அதன் பின் கைபேசிகள் பெருகியது உண்மையே. ஆயினும் கைபேசி பெருகியதாலேயே ஒருவருக்கு ஒன்று என்னும் நிலை வந்துவிடவில்லை. கொரோனாத் தடுப்பூசிக்கான கோவின் தளத்தை அமைத்தோர் இதை உணர்ந்திருந்தனர். 2021-இல் ஒரு கைபேசி எண்ணில் நால்வர் வரை பதிவு செய்ய அது இடமளித்தது. 2022 ஜனவரியில் இவ்வரம்பு ஆறாக உயர்த்தப்பட்டது. எண் வேறு, ஆள் வேறு என்பதை ஏற்றுக்கொண்ட மென்பொருள் அது.

'விட்டுச் சென்றவர்' யார்?

அலகைப் பற்றிய பிழை எண்ணிக்கையோடு நிற்பதில்லை. பகுப்பாய்வுக் கருவிகளின் மிகப் புகழ்பெற்ற பயன், படிப்படியாகக் குறையும் பயனாளர்களைக் காட்டும் புனல் வரைபடமாகும். நூறு பேர் படிவத்தைத் திறந்தனர், எண்பது பேர் இரண்டாம் பக்கத்தை அடைந்தனர், ஐம்பது பேரே சமர்ப்பித்தனர் என்பது போன்ற விவரத்தைப் புனல் காட்டும். விட்டுச் சென்ற ஐம்பது பேர் படிவத்தில் விருப்பம் இழந்தனர் என்று கொள்வது வணிகத் தளங்களில் ஓரளவு பொருந்தலாம். காலணி வாங்க வந்தவர் மனம் மாறிப் போயிருக்கக் கூடும்.

உதவித்தொகைக்கு வந்தவர் மனம் மாறிப் போவதில்லை. ஆதாரோடு இணைக்கப்பட்ட எண்ணுக்கு ஓ.டி.பி. வருகின்றது. அந்தக் கைபேசி கணவரிடம் இருக்கின்றது. கணவர் கம்பத்தில் வேலைக்குச் சென்றிருக்கின்றார். தொடர்பு கொள்ளலாம் என்றால் மலைச்சரிவில் சிக்னல் இல்லை. நடத்துநர் படிவத்தை மூடிவிட்டு அடுத்தவரை அழைக்கின்றார். அந்தப் பெண் மறுவாரம் வந்து விண்ணப்பத்தை முடிக்கின்றார். கூகுள் அனலிட்டிக்ஸ் கருவியின் இயல்பு அமைப்பில், 30 நிமிடம் அசைவின்றி இருந்தால் ஓர் அமர்வு முடிந்ததாகக் கொள்ளப்படும். ஆகவே ஒரே விண்ணப்பம் ஒரு தோல்வியாகவும், வேறொரு வெற்றியாகவும் இருமுறை எழுதப்படும். அவர் மறுவாரம் வராமலே போயிருந்தால், படிவத்தின் மூன்றாம் பக்கம் கடினமானது என்று குழு முடிவு செய்து அப்பக்கத்தின் வண்ணத்தையும் பொத்தானையும் மாற்றிக்கொண்டிருக்கும். அவர் இழந்தது ஒரு நாள் கூலி, பேருந்துக் கட்டணம், ஒருவேளை அவ்வாண்டின் உதவித்தொகை. இவற்றுள் எதுவும் வரைபடத்தில் தோன்றாது.

எனவே இத்தகைய சேவைக்கு எண்ண வேண்டிய அலகு விண்ணப்பமே. ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் தொடக்கத்திலேயே ஒரு வரிசை எண் இடப்பட வேண்டும். பெயரோடும் ஆதார் எண்ணோடும் தொடர்பற்றதாக அவ்வெண் இருத்தல் நன்று. எந்தக் கணிப்பொறியில், எத்தனை நாள் இடைவெளியில் தொடரப்பட்டாலும், பதிவுகள் யாவும் அந்த எண்ணின் கீழேயே சேர வேண்டும். முதல் திறப்பிலிருந்து சமர்ப்பிப்பு வரை கழிந்த நாட்கள், எத்தனை வருகைகள், திருப்பி அனுப்பப்பட்டதா, எக்காரணத்தால் ஆகிய விவரங்கள் கிடைத்தால் போதும். மற்ற அளவீடுகள் பெரும்பாலும் அலங்காரமே.

மொழியின் கணக்கு

மொழியைப் பற்றிய பதிவு இன்னும் நுட்பமானது. படிவத்தை மலையாளம், ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழிகளில் ஒரு குழு தருவதாக வைத்துக்கொள்ளலாம். நடத்துநருக்கு நேரமே வருவாய். வரிசையில் நிற்போர் பலர். அவர் தமக்கு விரைவாகத் தட்டச்சிட வரும் மொழியையே திறப்பார். தமிழில் சொல்லப்பட்ட விடைகள் மலையாளப் படிவத்தில் ஏறும். ஆண்டு முடிவில் கருவி தரும் அறிக்கையில் தமிழ்ப் படிவத்தைப் பயன்படுத்தியோர் மிகச் சிலரே எனக் காணப்படும். அடுத்த பதிப்பில் செலவைக் குறைக்கத் தமிழ்ப் படிவத்தை நீக்கிவிடலாம் என்ற குறிப்பு கோப்பில் ஏறுவதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வாய்ப்பை, எவரும் தீய எண்ணம் கொள்ளாமலே, ஓர் எண் எடுத்துவிடும்.

இதற்கு மாற்று, திரையின் மொழியை மட்டும் பதிவு செய்யாமல், ஒப்புகைச் சீட்டு எம்மொழியில் வேண்டும் என்ற ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்ப்பது. அதைக் கேட்டுக் குறிக்க நடத்துநருக்குச் சில நொடிகளே ஆகும். மலைத்தோட்டங்களில் இப்போது வடமாநிலத் தொழிலாளரும் வேலை செய்வதால், இக்கேள்விக்கான விடைகள் தமிழுக்கு மட்டுமின்றி இந்திக்கும் வழிகாட்டக் கூடும்.

சந்தையிலுள்ள கருவிகள்

அலகு முடிவானபின் கருவியைத் தேர்வது கடினமன்று. கூகுள் நிறுவனம் அர்ச்சின் என்ற மென்பொருள் நிறுவனத்தை 2005-இல் வாங்கி, அவ்வாண்டிலேயே கூகுள் அனலிட்டிக்ஸ் சேவையைக் கட்டணமின்றித் திறந்தது. நிறுவுவது எளிது, கற்றோர் பலர். இதுவே அதன் பரவலுக்குக் காரணம். ஆனால் கட்டணமின்மை செலவின்மை ஆகாது. அதன் பழைய பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதிய தரவுகளை ஏற்பதை நிறுத்தியது. பல ஆண்டு விவரங்களை அதில் வைத்திருந்தோர் தாமே வேறிடத்திற்கு எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. புதிய பதிப்பின் கட்டணமற்ற வகையில், விரிவான ஆய்வுக்குரிய தனித்தனிப் பதிவுகள் அதிக அளவாக 14 மாதங்களே வைக்கப்படுகின்றன. கல்வி உதவித்தொகை ஆண்டுக்கொருமுறை வருவது. இரண்டு பருவங்களை ஒப்பிட முயல்வதற்குள் முதற்பருவம் மறைந்துபோகும். பருவமழை தாமதமாக வந்த ஆண்டையும் மண்சரிவால் சாலை அடைபட்ட ஆண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் இது சிறு குறையன்று.

மிக்ஸ்பேனல் (2009), ஆம்பிளிட்யூட் (2012) முதலியவை வணிகச் செயலிகளுக்காக எழுந்தவை. ஆராய்ச்சி வசதிகள் சிறப்பானவை. இவ்வகைச் சேவைகளின் கட்டணம், பதிவாகும் நிகழ்வுகளையோ மாதாந்திரப் பயனாளர்களையோ பொறுத்து உயரும். சேவை மக்களைச் சென்றடையும்தோறும் செலவு ஏறும் இந்த முறையை வரவு செலவுத் திட்டம் வகுப்போர் முன்னதாகவே கணக்கிட வேண்டும். விண்ணப்பத்தை அலகாகக் கொள்ள விரும்புவோர், பயனாளருக்குப் பதிலாக வேறோர் அலகில் தொகுக்கக் கருவி இடமளிக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது வகை, மூலநிரல் திறந்த கருவிகள். 2007-இல் பிவிக் என்ற பெயரில் தோன்றி 2018-இல் பெயர் மாறிய மேட்டோமோ, 2020-இல் வந்த போஸ்ட்ஹாக் ஆகியவை இவ்வகையின. இவற்றைச் சொந்தச் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். விவரம் அலுவலகத்தைத் தாண்டிச் செல்லாது. எத்தனை ஆண்டு வைப்பது என்பதும் அலுவலகத்தின் முடிவே. அரசு அமைப்புகளில் மூலநிரல் திறந்த மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டுள்ளது. ஆயினும் இக்கருவிகளும் இலவசம் அல்ல. சர்வரைப் பராமரிக்கவும், பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றவும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குரிய ஊதியத்தை ஒப்பீட்டுப் பட்டியலில் எழுதாமல் விடுவது, அண்டை வீட்டுக் கிணற்றை நம்பித் தோட்டம் போடுவதை ஒக்கும்.

எக்கருவியாயினும் மலைப்பகுதிக்கென ஒரு சோதனை உண்டு. இணைப்பு அறுந்திருக்கும்போது நடந்தவற்றைக் கருவி சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும்போது, நிகழ்ந்த நேரத்தை எழுதுகின்றதா, வந்துசேர்ந்த நேரத்தை எழுதுகின்றதா என்பதைப் பார்த்துவிட வேண்டும். பின்னதாயின், மின்தடை நீங்கிய நள்ளிரவில் விண்ணப்பங்கள் குவிந்ததாக ஒரு வியப்பான அறிக்கை வந்துசேரும்.

சட்டத்தின் வரம்பு

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தேர்வை நேரடியாகத் தொடுகின்றது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுக் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருமாறு அமைந்துள்ளன. ஒருவரின் இசைவைக் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள எம்மொழியிலோ பெறும் வாய்ப்பை இச்சட்டம் தருகின்றது. தமிழ் அவற்றுள் ஒன்று. மேலும் 18 வயது நிறையாதோரின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதை இது தடை செய்கின்றது. சில வகையினருக்கு விதிவிலக்கு அளிக்கவும் இடம் வைத்துள்ளது. பள்ளி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்போர் பெரும்பாலும் இவ்வயதினரே. பயனாளரைப் பின்தொடரும் கருவிக்கு இங்கே சட்டச் சிக்கல் எழும். பெயரற்ற விண்ணப்ப எண்ணைப் பின்தொடரும் ஏற்பாட்டில் அச்சிக்கல் மிகவும் குறையும். அலகைச் சரியாகத் தேர்ந்ததற்குக் கிடைக்கும் மற்றொரு பயன் இது.

வெளிநாட்டுக்குத் தரவு செல்வதை இச்சட்டம் பொதுவாகத் தடுக்கவில்லை. மத்திய அரசு குறிப்பிட்டு அறிவிக்கும் நாடுகளுக்கே கட்டுப்பாடு. ஆயினும் ஐரோப்பாவின் அனுபவத்தை நினைவிற்கொள்வது நலம். 2022-இன் தொடக்கத்தில் ஆஸ்திரிய, பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள், கூகுள் அனலிட்டிக்ஸ் வழியாக அமெரிக்காவுக்குத் தரவு அனுப்பப்பட்டமை தங்கள் சட்டத்திற்கு மாறானது எனத் தீர்ப்பளித்தன. 2023 ஜூலையில் புதிய உடன்பாடு வந்து நிலைமை மாறியது. இடைப்பட்ட காலத்தில் பல நிறுவனங்கள் அவசரமாகக் கருவி மாற்றின.

தராசும் கொழுந்தும்

அளவீடு எவரிடம் செல்கின்றது என்பதும் கருத வேண்டியதே. தேயிலைத் தோட்டத்தார்க்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும்போது எடைக்கு மட்டும் கூடுதல் கூலி தரப்பட்டால், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்க வேண்டிய கை முற்றிய இலையையும் சேர்த்துப் பறிக்கும். தொழிற்சாலைக்கு வந்தபின் தரம் தாழும். ஓர் அளவீடு இலக்காக ஆக்கப்பட்டதும் அது அளவீடாக இருக்கும் தன்மையை இழக்கின்றது என்னும் கருத்து, 1975-இல் பணக் கொள்கையைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்குகின்றது. 'சமர்ப்பித்த சதவீதம்' மைய நடத்துநரின் மதிப்பெண்ணாக ஆக்கப்பட்டால், ஆவணம் குறைவாகக் கொண்டுவந்த விண்ணப்பதாரரின் படிவத்தை அவர் திறக்கவே மாட்டார். புனல் அழகாகிவிடும், வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் எங்கும் பதிவாகமாட்டார்.

திறக்கப்படாத படிவத்தைக் காட்டும் கருவியை இதுவரை எவரும் விற்கவில்லை. அதை அறிய ஆள் நேரில் செல்ல வேண்டும். தாலுகாவின் மையங்களுள் சிலவற்றை மாதிரி முறையில் தேர்ந்து, பயிற்சி பெற்ற ஒருவர் மாதத்தில் ஒரு நாள் அங்கு அமர்ந்து, வந்தோர் எத்தனை பேர், எம்மொழியில் பேசினர், யார் முடிக்காமல் திரும்பினர், ஏன் என்று குறித்துக்கொண்டால், கருவி தரும் எண்களைச் சரிபார்க்க ஓர் உரைகல் கிடைக்கும். பொருளாதாரம் பயிலும் மாணவர்களுக்கு இது நல்ல களப்பயிற்சியுமாகும். தமிழும் மலையாளமும் அறிந்த மாணவர்களுக்கு அப்பகுதியில் குறைவில்லை.

இரண்டு கருவிகளைத் தேர்ந்து, பள்ளி திறக்கும் ஜூன் மாதம் முதல் வடகிழக்குப் பருவமழை ஓயும் வரை ஒரே சேவையில் இணையாக ஓட்டிப் பார்ப்பது போதுமான சோதனை. கூடுதல் செலவு சிறிது. தவறான கருவியில் கட்டுண்டு ஓராண்டு கழித்து மாறுவதைவிடக் குறைவு. இச்சோதனையில் மூன்று செய்திகளை ஒப்பிட வேண்டும். ஒரே விண்ணப்பம் பல நாட்களில் தொடரப்படும்போது அதைக் கருவி ஒன்றாகவே காட்டுகின்றதா? நேரில் எண்ணிய எண்ணிக்கையோடு கருவியின் எண்ணிக்கை எவ்வளவு ஒத்துள்ளது? தரவு முழுவதையும் வேறு கருவிக்கு எடுத்துச் செல்லும் வடிவில் ஒருவர் உதவியின்றி வெளியே எடுக்க முடிகின்றதா? மூன்றாவதற்கு இல்லை என்ற விடை வந்தால் மற்ற இரண்டையும் பார்க்க வேண்டியதில்லை.

கிடைக்கும் மாத அறிக்கை மென்பொருள் குழுவின் அறையோடு நின்றுவிடாமல், ஒரே பக்கத்தில், மலையாளத்திலும் தமிழிலும், ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு, குமுளி ஆகிய ஊராட்சிகளின் அறிவிப்புப் பலகைக்கும் செல்லுமாறு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை முடிந்தன, சராசரியாக எத்தனை முறை மலையிறங்க வேண்டியிருந்தது என்னும் மூன்று எண்களே அதில் போதும்.